தளர்ந்த பூட்ஸ்

துபாயில் மாலுக்குள் இருக்கும் பனிக்கூடத்துக்கு அஜிஷா முதன்முதலாக வந்தது, கிளினிக்கின் ஆண்டுவிழாக் குலுக்கலில் விழுந்த இலவச டிக்கெட்டோடு. வாடகைக் கோட்டும் பூட்ஸும் மாட்டி, இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு, புதியவர்களுக்கான சரிவில் மெல்ல வழுக்கி வந்தவள், ஓரமாக நின்றுகொண்டிருந்த இளவேனிலின் மேல் மோதினாள். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள்.

"எனக்க மாதாவே," என்று முனகினாள்.

இளவேனிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தமிழா நீங்க?"

"பின்ன? முட்டம். கன்யாகுமரி ஜில்லா. நீங்க?"

"கோயமுத்தூர். கையக் குடுங்க, மொதல்ல எந்திரிப்போம்."

அப்படித் தொடங்கிய பழக்கம். அஜிஷா துபாயின் அல் கூஸ் பகுதியில், தொழிலாளர்கள் அதிகம் வரும் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவள் கணவன் பிரைட் ஏசி டெக்னீஷியன். இளவேனில் ஒரு கட்டுமான ஆலோசனை நிறுவனத்தில் பொறியாளர். அவள் கணவன் அர்ஜுனுக்குக் குளிர் ஆகாது. வெள்ளிக்கிழமை அவளை மால் வாசலில் இறக்கிவிட்டு, காய்கறி வாங்கப் போய்விடுவான். ஸ்னோபோர்டு ஓட்டுவது என்றால் என்ன என்று தன் அலுவலகத்தில் விளக்கிச் சொல்லிச் சலித்துப்போயிருந்த இளவேனிலுக்கு, சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒரு துணை கிடைத்தது பெரிய விஷயம். அஜிஷாவும் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். இன்னொரு குளிர்காலம் முடிவதற்குள் இளவேனிலுக்கு ஈடாக இறங்கத் தொடங்கிவிட்டாள்.

"ஒனக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் பேலன்ஸ் வந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டாள் இளவேனில்.

"எமர்ஜென்சில டூட்டி பாத்துப் பாரு, ஒனக்கும் வரும்."

இளவேனிலுக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. அர்ஜுனோடு ஒருமுறை ஜார்ஜியா போயிருந்தபோது, லிஃப்டில் உட்கார்ந்தபடி பார்த்தாள். லிஃப்ட் போய்ச் சேராத தூரத்து முகட்டில் யாரோ சிலர் எறும்பு வரிசையாக நடந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்த பனியில் ஒரு தடம்கூட இல்லை. பனிக்கூடத்தின் கூரைக்குக் கீழே, அதே சரிவில் மேலும் கீழும் போய்வரும்போதெல்லாம் அந்த முகடு அவளுக்கு நினைவுக்கு வரும். அங்கே ஒரு வழிகாட்டியோடு போக வேண்டும். தனியாகப் போக அவளுக்குத் துணிவில்லை. அஜிஷாவிடம் சொன்னாள்.

"லிஃப்ட் இல்லாம மலை ஏறணுமா? எதுக்கு பிள்ளே?"

"ஏறுனாத்தான எறங்க முடியும்."

போர்டு நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் என்றும், ஏறும்போது காலுக்கு ஒரு பாதியாகக் கட்டிக்கொண்டு நடக்கலாம் என்றும், உச்சியில் ஒன்றாகப் பூட்டிச் சறுக்கி இறங்கலாம் என்றும் படம் காட்டி விளக்கினாள். அஜிஷா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். கிறிஸ்துமஸ் டூட்டியை வேறொருத்தியிடமிருந்து தன் தலையில் ஏற்றிக்கொண்டு, ஜனவரியில் ஒரு வாரம் லீவு வாங்கினாள்.

போர்டு, ஹெல்மெட், மற்ற கருவிகளையெல்லாம் வழிகாட்டியே தருவதாக எழுதியிருந்தார். பூட்ஸை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். அங்கே வாடகைக்குக் கிடைப்பது பலர் காலில் ஏறி இறங்கித் தளர்ந்தது. ஏறி இறங்கும் மலைக்கு அதை நம்ப வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். இளவேனிலிடம் சென்ற வருடம் வாங்கிய நல்ல பூட்ஸ் இருந்தது. அஜிஷாவுக்குத்தான் வாங்க வேண்டும்.

அல் கூஸில் கிடங்குகளுக்கு நடுவே இருந்த விளையாட்டுச் சாமான் கடைக்கு இருவரும் போனார்கள். கடையில் இருந்த செய்கு முகம்மது காயல்பட்டினத்துக்காரர். இளவேனில் வழக்கமாக வருகிறவள் என்பதால், அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டுப் பெட்டிகளை எடுத்து அடுக்கினார்.

முதல் ஜோடி விறைப்பானது. அஜிஷா அதில் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள்.

"மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்கு."

"இது வேண்டாம். பாதி நாள் நடந்து ஏறப் போறோம். கணுக்கால் முன்னால மடங்கலீன்னா மேல போய்ச் சேர்றதுக்குள்ள கெண்டைக்கால் போயிரும்."

இரண்டாவது ஜோடி பஞ்சு போல இருந்தது. அஜிஷாவின் முகம் மலர்ந்தது. "இது கொள்ளாம். டூட்டிக்கே இதப் போட்டுட்டுப் போலாம்."

"நுனிக்கால்ல நில்லு பாப்போம்." இளவேனில் குனிந்து பூட்ஸின் பின்பக்கத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உள்ள குதிகால் தூக்குதா?"

"கொஞ்சம் தூக்குது."

"அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. மெத்துன்னு இருக்கறது வேற, தொளதொளன்னு இருக்கறது வேற. முன்னால மடங்கோணும், பக்கவாட்டுல அசையக் கூடாது. குதிகால் ஒக்காந்த எடத்துல ஒக்காந்திருக்கோணும். இல்லீன்னா நீ ஒரு பக்கம் திரும்புவ, போர்டு ஒரு பக்கம் போகும்."

மூன்றாவது ஜோடியைப் போட்டதுமே வேறுபாடு தெரிந்தது. நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட்டது. முழங்காலை மடக்கினால் விலகியது. நுனிக்காலில் நின்றபோது குதிகால் அசையவில்லை. மிருதுவாக மடங்கியது, ஆனால் பிடியை விடவில்லை. அடிப்பாகமும் பாறையில் பிடித்து நடக்கிற மாதிரி ஆழமான வெட்டுகளோடு இருந்தது. ஆனால் கடையில் இருந்தது ஓர் அளவு பெரியது. வலது காலில் சரியாக இருப்பதுபோலத் தோன்றியதற்கு, வார்டில் நின்று நின்று அந்தக் கால் வீங்கியிருந்ததுதான் காரணம். இடது காலில் பூட்ஸ் சுழன்றது.

செய்கு முகம்மது மற்ற கிளைகளுக்கு ஃபோன் செய்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "மாஃபி, ஸ்டாக் இல்ல. ஒங்க சைஸு பிப்ரவரி கடைசியிலதான் வரும்மா. பயணத்தக் கொஞ்சம் தள்ளி வச்சா நல்லது."

காரில் ஏறியதும் அஜிஷா சொன்னாள். "மார்ச்சுல போலாமா இளா? லீவ மாத்தித் தருவாங்களான்னு தெரியாது. கேட்டுப் பாக்கட்டா?"

இளவேனில் வண்டியைச் சாலைக்குத் திருப்பினாள். மார்ச்சில் பனி கனத்துவிடும். அவள் ஆசைப்பட்ட மாவு போன்ற பனி ஜனவரியில்தான். அஜிஷாவுக்கு இன்னொரு முறை லீவு கிடைப்பது சந்தேகம். பயணமே நின்றுபோகலாம். சிக்னலில் நின்றபோது அவள் சொன்னாள்:

"என்கிட்ட பழைய ஜோடி ஒண்ணு இருக்கு. இப்ப பாத்தமே, அதே மாடல்தான். ஒன்னோட சைஸுதான்."

சொல்லும்போதே, சென்ற வருடம் அந்த ஜோடியை ஏன் ஒதுக்கினோம் என்பது அவளுக்கு நினைவிருந்தது. நாலு வருட உழைப்பில் உள்பஞ்சு அமுங்கி, கணுக்கால் பகுதி துவண்டு, எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காமல் போனதால்தான் புதிது வாங்கினாள்.

வீட்டில் அஜிஷா போட்டுப் பார்த்தாள். நுனிக்காலில் நிற்கச் சொல்லாமலே நின்றாள். இளவேனில் பின்பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"லேசாத்தான் தூக்குது. உள்ள ஃபோம் வச்சுத் தரேன். அங்க குளிர்ல கொஞ்சம் கெட்டியாவும் ஆயிரும். பனிக்கூடத்துல ரெண்டு வாட்டி போட்டுப் பாரு."

"நீ சொன்னா செரி," என்றாள் அஜிஷா.

பனிக்கூடத்தில் ஒன்றும் தெரியவில்லை. சீவிச் சமமாக்கிய சரிவு, தெரிந்த வளைவுகள். அஜிஷா சுகமாக இருப்பதாகச் சொன்னாள். இளவேனில் அது போதும் என்று எடுத்துக்கொண்டாள்.

ஜார்ஜியாவில் அவர்கள் தங்கிய விடுதி ஒரு மலைச்சாலை ஓரத்தில் இருந்தது. வழிகாட்டி லெவான் அதிகம் பேசாத மனிதர். முதல் நாள் காலை மூவரும் ஏறத் தொடங்கினார்கள். கீழே பனி மெத்தென்று இருந்தது. அஜிஷா மூச்சு வாங்கிக்கொண்டே கிளினிக் கதைகளைச் சொல்லியபடி வந்தாள். காட்டைத் தாண்டியதும் காற்றில் இறுகிப்போன சரிவு வந்தது. குறுக்காக நடந்து கடக்க வேண்டும். ஒவ்வோர் எட்டிலும் பலகையின் ஓரத்தை மலையில் அழுத்தி ஊன்ற வேண்டும். அஜிஷாவின் பேச்சு நின்றது.

"இளா, குதிகாலு உள்ள கெடந்து ஆடுது. நான் ஒரு பக்கம் மிதிச்சா பலக இன்னொரு பக்கம் போவுது."

இளவேனில் அவள் முன்னால் மண்டியிட்டு, பூட்ஸின் திருகை முடிந்த மட்டும் இறுக்கினாள். தன் பையிலிருந்த மெல்லிய சாக்ஸை மடித்துக் குதிகால் பக்கம் செருகினாள். லெவான் திரும்பி வந்து, அவள் சரியாக இருக்கிறாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அஜிஷா வாயைத் திறப்பதற்குள் இளவேனில் பதில் சொன்னாள்: அவளுக்கு ஒன்றுமில்லை, போகலாம். லெவான் அஜிஷாவைப் பார்த்தார். அஜிஷா தலையாட்டினாள்.

உச்சிக்குப் போக வேண்டாம், பாதியிலேயே ஒரு மேட்டில் நின்று, போர்டைப் பூட்டி இறங்கலாம் என்று லெவான் முடிவு செய்தார். முதலில் அவர், பிறகு அஜிஷா, கடைசியில் இளவேனில். அஜிஷா நன்றாகத்தான் இறங்கினாள். கிட்டத்தட்ட காடு வரை வந்துவிட்டாள். அங்கே பனிக்கு அடியில் மறைந்திருந்த சின்னத் திட்டிலிருந்து போர்டு துள்ளி இறங்கியது. முழங்கால் உயரம்கூட இருக்காது. இறங்கிய வேகத்தில் அவள் திரும்ப முயன்றாள், போர்டு திரும்பவில்லை. முன்காலை மடக்கியபடி உட்கார்ந்துவிட்டாள்.

இளவேனில் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பூட்ஸைக் கழற்றாமல், மேலாக விரலால் அழுத்தித் தடவி, காலை மெல்ல ஊன்றியும் பார்த்தாள்.

"சுளுக்குதான். வெளிப்பக்கம் வலிக்குது. எலும்பா இருந்தா இப்படி ஊன்ற முடியாது."

மீதி தூரத்தை லெவானின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கடந்தாள். விடுதியில் பிளாஸ்டிக் பையில் பனியை நிரப்பிக் காலில் வைத்தார்கள். கணுக்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் உருண்டு வீங்கியிருந்தது. நகரத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது, நாளை காலை தன் வண்டியிலேயே கொண்டுவிடுகிறேன் என்றார் லெவான். கூடவே, இரவு புதுப் பனி விழும், நாளை வானம் தெளிவாக இருக்கும், முகட்டுக்கு ஏற வேறு மூன்று பேர் தன் தம்பியோடு போகிறார்கள் என்பதையும் சொன்னார்.

காலையில் அஜிஷா கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணைமேல் வைத்திருந்தாள். சன்னலில் மலை முழுதும் வெயில்.

"நீ போ," என்றாள். "ரெண்டு பேரும் இங்க இருந்து என்ன செய்ய?"

"எக்ஸ்ரே?"

"ஊருக்குப் போய் எனக்க கிளினிக்லயே எடுத்துக்கிடுவேன். ஓசியா எடுப்பாங்க. வீக்கம் வடியட்டும். நீ இதுக்குத்தானே வந்த."

இளவேனில் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளை வண்டியில் ஏற்றியிருக்கலாம். அவள் அப்போதே கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். லெவானிடம் நகரத்துக்குப் போகவில்லை என்று சொன்னாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மாலையில் திரும்பி வந்தபோது, எப்படி இருந்தது என்று அஜிஷா கேட்டாள். பரவாயில்லை, காற்று ஜாஸ்தி என்றாள் இளவேனில்.

துபாய் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. சுளுக்கு என்றுதான் சொன்னார்கள். லீவு முழுதும் தீர்ந்திருந்தது. அஜிஷா கட்டுப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனாள். வெயில் காலம் வந்த பிறகும் வலி போகவில்லை. படி இறங்கும்போது பக்கச் சுவரைப் பிடித்தாள். பிறகு சமதரையிலும் நொண்டத் தொடங்கினாள். ஒருநாள் வார்டில் ஒரு நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கையில் கால் இடறி, இருவரும் விழப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் போனாள். இளவேனில்தான் காரில் அழைத்துப் போனாள்.

டாக்டர் ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார். குதிகாலுக்கு மேலே, கணுக்கால் மூட்டில் இருக்கும் எலும்பின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து, தள்ளிப்போய், தப்பாக ஒட்டியிருந்தது. ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர்களுக்கு வரும் முறிவு இது, சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடும், ஸ்கேனில்தான் பிடிபடும் என்றார். மூட்டு தேயத் தொடங்கிவிட்டது.

"விழுந்த உடனே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவில்லையா? முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால், கட்டுப் போட்டு ஊன்றாமல் இருந்தே சரியாகியிருக்க வாய்ப்பு உண்டு."

இளவேனில் திரையை விட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அது ஒரு மலை கிராமம் டாக்டர்," என்றாள் அஜிஷா. "அங்க ஒரு வசதியும் இல்ல."

டாக்டர் தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். அஜிஷா இளவேனிலின் பக்கம் திரும்பவே இல்லை. காருக்கு வந்த பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிரைட்டுக்கு ஃபோன் செய்து, ஆபரேஷன் வேண்டியிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னாள். இளவேனில் கண்ணாடியைத் திருத்திவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தாள். அன்றே பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆபரேஷன் அன்று கூடவே இருந்தாள், பழம் வாங்கிக்கொண்டு போனாள், பிசியோதெரபிக்கு அழைத்துப் போனாள். எல்லாம் செய்தாள், அதை மட்டும் பேசவில்லை.

துண்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் முழு ஷிஃப்ட் நிற்க அஜிஷாவால் முடியவில்லை. கிளினிக்கில் கொஞ்ச நாள் பதிவு கவுண்டரில் உட்காரவைத்தார்கள். பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பிரைட்டின் கம்பெனி அவனை மஸ்கட்டுக்கு மாற்றியபோது இருவரும் கிளம்பிவிட்டார்கள். இளவேனில் பனிக்கூடத்துக்குப் போவதை ஒரேயடியாக நிறுத்திவிடவில்லை. ஆனால் போனால் ஒருமுறை இறங்கிவிட்டு, பூட்ஸைக் கழற்றி வைத்து உட்கார்ந்திருப்பாள். பிறகு போவதே குறைந்துபோயிற்று.

அடுத்த வருடம் ஈத் விடுமுறையில் மஸ்கட்டுக்கு பஸ் ஏறினாள். ரூவி பஸ் நிலையத்துக்கு பிரைட் வந்து பையை வாங்கிக்கொண்டான். கடைகளைத் தாண்டி உள்சந்தில் நடந்தார்கள்.

"லிஃப்ட் இல்லாத பில்டிங், அக்கா. மொத மாடிதான். அவ மெள்ள ஏறிருவா." பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்: "அந்த பூட்ஸ் உங்களுக்க பழசுன்னு எனக்கு ஆபரேசன் கழிஞ்சுதான் தெரியும்."

"ஆமா பிரைட்."

அவன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அஜிஷா கொஞ்சம் பருத்திருந்தாள். ஓர் ஆஸ்பத்திரிக்காக வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் அனுமதி வாங்கித் தரும் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். அடுப்பின் முன் ஒரு உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் சமைத்தாள். மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிரைட் தயிர் வாங்கப் போனான்.

இளவேனில் சமையலறை வாசலில் நின்றாள். "அஜி, அன்னைக்கு நான் ஒன்ன விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. அந்த பூட்ஸையும் குடுத்திருக்கக் கூடாது. நல்லாத் தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"எனக்கும் தெரியும்," என்றாள் அஜிஷா, கரண்டியை விடாமல். "குதிகாலு தூக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நீ வாண்டாம்னு சொல்லிருவியோன்னு பயந்துதான் செரின்னு சொன்னேன். சுளுக்குன்னு சொன்னதும் நாந்தான். நர்ஸு."

"டாக்டர்கிட்ட வசதி இல்லன்னு சொன்னியே."

"பின்ன என்ன சொல்ல? அவருக்க முன்னால வச்சு ஒன்ன அழ வைக்கச் சொல்றியா?"

அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தாள். வலது காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன். அடுத்த நாளு நீ மேல போனல்லா. எப்படி இருந்துது? காத்து ஜாஸ்தின்னு சொல்லி முடிச்சிட்ட. அதுக்கப்பறம் அதப் பத்திப் பேசவே இல்ல."

காற்றும் பனிமூட்டமுமாக ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லத்தான் இளவேனில் வாயெடுத்தாள். அஜிஷாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை.

"காத்தே இல்ல அஜி," என்றாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு. நாங்கதான் மொதல்ல போனோம், ஒரு தடம் இல்ல. எறங்கறப்ப சத்தமே கேக்கல. என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு நாள் இருந்ததில்ல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அந்த நாளை இத்தனை காலம் யாரிடமும், அர்ஜுனிடம்கூட, அவள் சொன்னதில்லை.

அஜிஷா சன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்க் கட்டடத்தில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நான் கட்டில்ல கெடந்து சன்னல் வழியா பாத்துட்டே இருந்தேன்," என்றாள். "அவ்வளவு வெயிலு. நல்லாத்தான் இருந்திருக்கும்னு நெனச்சேன்."

பிறகு சுவரில் கை ஊன்றி எழுந்து, தட்டு வைக்கும் அலமாரியை நோக்கி நடந்தாள். இளவேனில் உதவிக்கு முன்னால் வந்தாள்.

"நீ இரி," என்றாள் அஜிஷா. "நான் எடுத்துக்கிடுவேன்."

இளவேனில் திரும்பிப் போய் மேசை முன் உட்கார்ந்தாள்.